குறி தப்பாத வாளும் பிலோமி அக்காவின் கையும்

மேஜை நடத்த வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்கள் முதலாளி என்னை வந்து பேசச் சொன்னார். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவும் அதிகம் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழில் என்ன? ஒருவன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொல்கிறான். எதிரில் இருப்பவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இறங்குகிறார்கள். ஒருத்தன் வாள் பிடிப்பான். ஒருத்தன் வலை வீசுவான். ஒருத்தி மருந்து கட்டுவாள். பூதம் வரும். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறோம். சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று பகடை உருட்டிப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

எந்த ஆயுதத்துக்கு என்ன பலம், எந்தக் கவசம் எதைத் தாங்கும், அதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். ஆனால் புத்தகம் கைகொடுக்காத நேரம் ஒன்று வரும். எதிரில் இருக்கிற ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். அப்போது என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ராயபுரத்தில் கப்பல்காரர்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. நான் அங்கே வேலையாள். படுக்கை விரிப்பது, தண்ணீர் தூக்குவது, பெட்டி சுமப்பது. எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் ஒரு ரேடியோக்காரனைக் கப்பலிலிருந்து தூக்கி வந்து போட்டார்கள். கப்பலில் செய்தி அனுப்புகிற வெள்ளைக்காரன். ஏணியில் வழுக்கிக் கால் முறிந்திருந்தது. கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவன் பெயர் என் வாயில் நுழையவில்லை. ரேடியோ என்றுதான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்ப்பான்.

அவன் பெட்டியில் இந்த ஆட்டம் இருந்தது. கூட ஆட ஆள் இல்லை. தண்ணீர் வைக்கப் போன என்னைப் பிடித்து உட்காரவைத்தான். எனக்குத் துறைமுகத்து இங்கிலீஷ். அவனுக்குக் கட்டுப் போட்ட கால். எங்கே போவான்? கையை ஆட்டியும் படம் போட்டும் சொல்லிக்கொடுத்தான்.

என் முதல் ஆளை முதல் நாளே சாகடித்தான். என் ஆள் ஒரு கயிற்றுப் பாலத்திலிருந்து விழுந்தான். நான் ரேடியோவின் முகத்தைப் பார்த்தேன். அவன் பகடையைக் காட்டினான். என் கண் முன்னால் உருட்டினது. மாற்ற முடியாது என்று தலையாட்டினான். எனக்கு நல்ல கோபம். மறுநாள் வேறு ஆளாக வந்து அதே பாலத்தைத் தாண்டினேன். எழுந்து நின்று கத்தினேன். முதல் நாள் அவன் இரக்கப்பட்டு என்னைத் தூக்கிவிட்டிருந்தால் நான் எதற்குக் கத்தப்போகிறேன்? இது ஒரு பாடம். குறித்துக்கொள்ளுங்கள்.

கால் கூடியதும் ரேடியோ வேறு கப்பல் ஏறிப் போனான். பகடைகளை எனக்குக் கொடுத்தான். புத்தகத்தையும் நீட்டினான். இங்கிலீஷ் படிக்க வராது, வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானத்தில் நான் மேஜை போட்டேன். கப்பல்காரர்கள் சாராயக் கடைக்குப் போகாமல் விடுதியிலேயே வேடிக்கை பார்த்தார்கள். வார்டனுக்கு அது பிடித்தது. "ஞாயிற்றுக்கிழமை உனக்கு இதுதான் வேலை" என்றார். அப்படித்தான் இது எனக்கு வேலையானது.

கப்பல்காரர்கள் வருவார்கள், போவார்கள். நிரந்தரமாக ஆடியவர்கள் மூன்று பேர்.

செபஸ்தி. துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவன். கப்பலின் அடி அறையிலிருந்து சரக்கைத் தூக்கி மேலே கொண்டுவரும் இயந்திரம் அது. ஆளும் அந்த இயந்திரம் மாதிரியே இருப்பான். சர்ச்சில் பூசை முடித்து நேராக மேஜைக்கு வருவான். கதையில் அவன் வாள்வீரன்.

காசி. கடலோரக் குப்பம். காலையில் கரை ஏறி மீனை ஏலம் விட்டுவிட்டு வருவான். கதையிலும் வலைக்காரன்தான். வேறு எதுவாகவும் இருக்க மாட்டேன் என்றுவிட்டான்.

மூன்றாவது, பிலோமி அக்கா. விடுதியின் சமையல் அவர்தான். விடியலில் அடுப்பு மூட்டினால் ராத்திரி பாத்திரம் கவிழ்க்கிறவரை நின்றபடியே இருப்பார். சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். இந்த மேஜையில்தான் அவர் உட்கார்ந்து நான் பார்த்தேன். கதையில் அவர் வைத்தியக்காரி. கையில் ஒரு விளக்கு. உடம்பில் பலம் கிடையாது. பலமாக ஒரு அடி விழுந்தால் ஆள் காலி. ஆனால் அவர் கட்டுப் போட்டுத்தான் மற்ற இரண்டு பேரும் அதுவரை உயிரோடு இருந்தார்கள்.

ரேடியோ சொன்ன கதையெல்லாம் பனியும் மலையும். எங்களுக்கு அது எதற்கு? நான் கோட்டையைத் திருவொற்றியூரில் வைத்தேன். பூதத்தை எண்ணூர் முகத்துவாரத்தில் வைத்தேன். வழி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நன்றாகப் போனது. அப்புறம் நான் ஒரு வாள் கொடுத்தேன்.

செபஸ்திக்குத் தொடர்ந்து சில வாரம் பகடை விழவில்லை. இருபது முகப் பகடையை நாங்கள் கோலி என்போம். மேஜையை விட்டு உருண்டு ஓடும். அதனால் எனாமல் தட்டில் உருட்டுவோம். செபஸ்தி உருட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று. இதற்கு மேல் வராது. காசி விடமாட்டான்.

"மாமு, உன் வீரன் கொசு அடிக்கறான்பா."

"வாய மூடு காசி."

"கொசுவும் தப்பிச்சுகினு போவுது."

செபஸ்தி பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பேசாமல் இருந்தால் அறையே வேறு மாதிரி ஆகிவிடும். பாவமாக இருந்தது. மணலில் புதைந்த ராஜா படகு ஒன்றைக் கதையில் கொண்டுவந்தேன். உள்ளே ஒரு வாள். குறி தப்பாது. பகடை உருட்டவே வேண்டாம். விழுகிற இடத்தில் எது இருந்தாலும் இரண்டு துண்டு. எடுத்துக்கொள் என்றேன்.

அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். கதையில் வந்த கொள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும் செபஸ்தி ஒருத்தனாக வெட்டித் தள்ளினான். காசி அவன் முதுகில் அறைந்து சிரித்தான். நான் பெரிய ஆள் என்று எனக்கு நினைப்பு.

அடுத்த ஞாயிறும் செபஸ்திதான் வெட்டினான். அதற்கடுத்த ஞாயிறும். ஒரு வெட்டு, சண்டை முடிந்தது. மற்றவர்களுக்கு முறை வருவதற்குள் பிணம் விழுந்து கிடக்கும். ஒரு நாள் காசி நிஜ வலையை எடுத்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஓட்டை தைத்தான். அக்கா ஒரு முறத்தில் சின்ன வெங்காயம் கொண்டுவந்து உரித்தார். கண் வெங்காயத்தில்.

இதைக் கவனியுங்கள். ஆட்டம் சரியில்லை என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கை வேறு வேலை தேடும். அப்போதே உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அக்கா வாயால் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"மாணிக்கம், எனக்கு இங்க இன்னா வேலை கீது? அவன் வெட்றான். நான் பாத்துகினு கீறேன். அடுப்பாண்ட நின்னாலும் நாலு பேருக்கு சோறாவது ஆவும்."

"அடுத்த வாரம் பாருங்கக்கா" என்றேன்.

அடுத்த வாரம் நான் செய்தது புதிதாக மேஜை நடத்துகிற எல்லாரும் செய்கிற காரியம். எதிரியைப் பெரிதாக்கினேன். வாளுக்கு ஈடு கொடுக்கிற மாதிரி ஒரு ராட்சதச் சுறா. துண்டானாலும் உடம்பு கூடிக்கொள்ளும், ஒரு வெட்டுக்குச் சாகாது. வாலால் அடித்தால் செபஸ்திக்கே வலிக்கும். செபஸ்திக்கு வலிக்கிற அடி வைத்தியக்காரி மேல் விழுந்தால் என்ன ஆகும்? நான் அதை யோசிக்கவில்லை. வால் விழுந்தது. பகடை எல்லார் கண் முன்னும் கிடக்கிறது. அக்காவின் ஆளுக்கு உயிர் ஒரு நூல்தான் பாக்கி. செபஸ்தி பாய்ந்து சுறாவை வெட்டி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெருமையாக என்னைப் பார்த்தான்.

அக்கா எழுந்து முந்தானையைச் செருகினார்.

"முன்ன சும்மா உக்காந்துகினு இருந்தேன். இப்ப செத்துகினு கீறேன். நல்லா கீதுபா உன் ஆட்டம்."

காசி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வாளுக்குத் தகுந்தபடி எதிரியை வளர்த்தால் வாள் இல்லாதவன்தான் சாவான். ஒருத்தன் கையில் இருக்கிற பலத்துக்கு மற்ற எல்லாரும் விலை கொடுப்பார்கள்.

பிறகு இன்னொன்று செய்தேன். அது இன்னும் மோசம். கதையில் ஒரு திருடனை அனுப்பினேன். செபஸ்தியின் வீரன் தூங்கும்போது வாளைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்றேன். வாள் போய்விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று கணக்கு.

செபஸ்தி நாற்காலியைத் தள்ளினான். அது சுவரில் போய் முட்டியது.

"குட்த்தத புட்ங்கிக்கறதுன்னா எதுக்கு நைனா குட்த்த? நான் கேட்டனா?"

"கதையில..."

"கதையில இல்ல. நீ புட்ங்கற. உன் மூஞ்சில தெரியுது."

உண்மைதான். திருடன் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அது மூன்று பேருக்கும் தெரிந்தது. செபஸ்தி கதவு வரைக்கும் போய்விட்டான்.

யோசிக்க நேரம் கிடையாது. அந்த நேரத்தில் கௌரவம் பார்த்தால் மேஜை போய்விடும். நான் சத்தமாகச் சொன்னேன். "திருடன் கோட்டைச் சுவர் ஏறுறான். வாள் கனம் தாங்கல. கை வழுக்குது. வாள் கீழ விழுது. உன் காலடியில." செபஸ்தி நின்றான். "எடுத்துக்கோ. அது உன்னுது. இனிமே நான் தொடமாட்டேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தான். நாற்காலியைக் காசி எடுத்துப் போட்டான்.

கொடுத்ததைப் பிடுங்காதீர்கள். சிலருக்கு வேறு யோசனை வரும். ஒருத்தனுக்கு வாள் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு மந்திரப் பொருள் கொடுத்துச் சமன் செய்துவிடலாம் என்று. எனக்கும் வந்தது. நல்லவேளை, செய்யவில்லை. அப்புறம் பூதத்துக்கும் கொடுக்க வேண்டும். அப்புறம் யாருக்கும் எதற்கும் பயம் இருக்காது.

அன்று மேஜை கலையும்போது அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

"அடுத்த ஞாயிறு வரேன். ஆரம்பிச்ச கதைய முடிச்சுடலாம். அதோட என்னிய வுட்ருபா. எனக்கு மீன் கழுவற வேலை கீது."

சரி என்று தலையாட்டினேன். அவர் போய் நின்றுகொண்டே சாப்பிட்டதைப் பார்த்தேன்.

அந்த வாரம் ஒரு மாலுமியின் டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு கப்பலுக்குப் போனேன். மேல் தட்டில் ஏறியபோது விஞ்சில் செபஸ்தி உட்கார்ந்திருந்தான். அடி அறைக்கு இறங்கும் பெரிய வாய் திறந்து கிடந்தது. கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய இரும்புச் சட்டம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு இறங்குகிறது. யானை கனம் இருக்கும். செபஸ்தி அதைப் பார்க்கவேயில்லை.

அவன் பார்த்தது, அந்த வாயின் விளிம்பில் நின்ற ஒரு ஒல்லி ஆளை. அந்த ஆள் கையை மட்டும் அசைக்கிறார். உள்ளங்கை கீழே போனால் சட்டம் இறங்குகிறது. விரல் இடது பக்கம் சாய்ந்தால் சட்டம் இடது பக்கம் போகிறது. முஷ்டி மூடினால் நிற்கிறது. கப்பலே மூச்சு விடாமல் நிற்கிற மாதிரி நிற்கிறது.

சட்டம் இறங்கியதும் டீக்கு நிறுத்தினார்கள். செபஸ்தியிடம் கேட்டேன்.

"கீழ பாக்கமாட்டியா?"

"என் எடத்துலருந்து கீழ தெரியாது. தெரிஞ்சாலும் பாக்கக்கூடாது நைனா. பாத்தா கை தானா போவும். அவன் கைதான் எனக்குக் கண்ணு."

"அவன் தப்பா காட்டிட்டா?"

செபஸ்தி என்னை மடையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"கீழ கீறது அவன் ஆளுங்க. எப்படி தப்பா காட்டுவான்?"

நான் டீயை வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். ராயபுரம் வரைக்கும் அதையே யோசித்தேன். துறைமுகத்தில் பலமான இயந்திரத்தை யாரும் சின்னதாக்குவதில்லை. கீழே நிற்கிற ஆளை இரும்பால் செய்வதும் இல்லை. பலம் ஒருத்தன் கையில், கண் இன்னொருத்தன் கையில். அப்படித்தான் யானை கனம் மனுஷன் தலைக்கு மேலே போய்வருகிறது.

நான் இத்தனை வாரம் வாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாளில் ஒரு தப்பும் இல்லை. வெட்டவெளியில் சண்டை வைத்தது என் தப்பு.

ஞாயிறு வந்தது. அடுத்த நாள் கப்பல் ஏறுகிற ஆட்கள் நிறையப் பேர் அறையில் இருந்தார்கள். கடைசி ஆட்டம் என்று எப்படியோ தெரிந்திருந்தது. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி வெங்காயம் கொண்டுவந்திருந்தார்.

வெங்காயத்தைக் கீழே கொட்டிவிட்டு முறத்தை வாங்கினேன். மேஜையின் நடுவில் செங்குத்தாக நிறுத்திக் கட்டினேன். என் பக்கம் இருப்பது எதிர்ப் பக்கம் தெரியாது.

"எண்ணூர் முகத்துவாரத்துல ஒரு பழைய மரக்கப்பல் தரை தட்டி நிக்குது. கடல் பூதம் அதோட அடி அறையில கீது. உள்ள தண்ணி ஏறிக் கெடக்குது, ஒரே கரும்புகை. விளக்கு இருந்தாத்தான் தெரியும். அதுவும் விளக்கு புடிச்சவங்களுக்கு மட்டும். பூதத்துக்குக் கண்ணு கெடையாது. காது உண்டு. யாராவது பேசினா, பேசின ஆள் மேல பாயும்."

மூன்று பேரும் யோசித்தார்கள். காசி முதலில் சொன்னான். "நான் எறங்கி வல போட்டு அதும் கால கட்றேன். தண்ணியில சத்தம் இல்லாம போறது எனக்கு வரும்."

செபஸ்தி உள்ளே இறங்கினால் புகையில் குறி வைக்க ஒன்றும் தெரியாது. வாள் விழுந்த இடத்தில் எது இருந்தாலும் இரண்டு துண்டு. காசியாக இருந்தாலும் இரண்டு துண்டு. அது அவனுக்கே புரிந்தது. தாடையைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"மேல தட்டுல நிக்கறேன். வாள சங்கிலில கட்டி எறக்கறேன்." சொல்லிவிட்டு நிறுத்தினான். "ஆனா எனக்கு யாராவது கை காட்டணுமே."

விளக்கு யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"அக்கா, எழுந்து இந்தப் பக்கம் வாங்க" என்றேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முறத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கவிழ்த்த நண்டு ஓடு ஒன்று. அதுதான் பூதம். அதன் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை. அது காசி. செபஸ்தியிடம் ஒரு நூலைக் கொடுத்தேன். நுனியில் ஒரு தேக்கரண்டி. அதுதான் வாள். முறத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து இந்தப் பக்கம் இறக்க வேண்டும். அவனுக்குத் தெரிவது அக்காவின் கை மட்டும்.

கை சைகையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்காவின் அப்பா துறைமுகத்தில் சைகை காட்டுகிறவராக இருந்தவர். ராயபுரத்தில் பிறந்தவர்களுக்கு எப்படியும் தெரியும்.

"ஒருவாட்டி எறங்கிட்டா மறுபடி தூக்க நேரம் கெடையாது" என்றேன். "யாரும் பேசாதீங்க."

காசி வலை போட்டான். வலை பிடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும். பத்துக்கு மேல் வந்தால் பூதம் நிற்கும். குறைந்தால் அது நகரும். தட்டில் கோலி ஓடியது. பதினாலு. நின்றது.

அக்கா கையைத் தூக்கினார். உள்ளங்கை கீழே. கரண்டி இறங்கியது. விரல் வலது பக்கம் சாய்ந்தது. கரண்டி வலது பக்கம் வந்தது. நூல் துளி ஆடவில்லை. செபஸ்தியின் கண் அந்தக் கையை விட்டு அசையவில்லை. அது மேஜைக்கு வருகிற செபஸ்தி இல்லை. விஞ்சில் பார்த்த செபஸ்தி.

காசி மறுபடி உருட்டினான். நான்கு.

நண்டு ஓட்டைத் திருப்பி நகர்த்தினேன். பூதம் திரும்பிக் காசியைப் பிடித்துவிட்டது. கரண்டிக்கு நேர் கீழே இப்போது புளியங்கொட்டை.

அக்காவின் முஷ்டி மூடியது.

கரண்டி கொட்டைக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. காசிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த முஷ்டியைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. கேட்கவும் முடியாது. பேசினால் பூதம் கேட்கும்.

அந்த நேரம் பார்த்து வார்டன் கதவைத் திறந்தார். "பிலோமினா, ரெண்டு டீ வேணுமே."

அக்கா திரும்பவில்லை. வலது கை செபஸ்திக்கு. இடது கையைக் கதவுப் பக்கம் நீட்டி அங்கேயும் ஒரு முஷ்டி காட்டினார். வார்டன் அப்படியே நின்றார். டீயைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. உள்ளே வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டார்.

இங்கேதான் எனக்குச் சோதனை. நான் நினைத்தால் கொட்டையை நகர்த்திவிடலாம். முறத்துக்குப் பின்னால் யார் பார்க்கிறார்கள்? காசி தப்பித்துவிடுவான். அக்கா ஜெயித்துவிடுவார். என் விரல் போகப் பார்த்தது. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நகர்த்தினால் அவர் கை வெறும் கை. அவர் நான் ஜெயிக்கவைத்த ஆள். சுறா வந்த அன்றைக்கு செபஸ்தி தூக்கி வந்த மாதிரி இன்றைக்கு நான் தூக்கி வந்ததாகும்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"காசி, உருட்டு" என்று மெதுவாகச் சொன்னேன். "பூதத்துக்கிட்டருந்து திமிறணும். பத்துக்குக் கீழ வந்தா செத்த."

அக்கா அவசரப்படவில்லை. இறக்கச் சொல்லியிருக்கலாம். பூதம் செத்திருக்கும். காசியும் செத்திருப்பான். வாள் வைத்திருந்தவன் யோசிக்காமல் அதைத்தான் செய்திருப்பான். அக்கா முஷ்டியை மூடியபடியே காசியைப் பார்த்தார். உருட்டு என்று கண்ணால் சொன்னார்.

காசி கோலியை நெற்றியில் வைத்துக் கும்பிட்டான். உருட்டினான். தட்டின் விளிம்பைச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. விழுந்தது.

பதினொன்று.

புளியங்கொட்டையை நண்டு ஓட்டிலிருந்து ஒரு விரல் விலக்கினேன். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. அக்காவின் முஷ்டி அந்த நொடியே திறந்தது. சுண்டுவிரல் இடது பக்கம் துளி சாய்ந்தது. கரண்டி துளி நகர்ந்தது. பிறகு உள்ளங்கை கீழே, ஒரே வீச்சில்.

செபஸ்தி நூலை விட்டான்.

நண்டு ஓடு நொறுங்கிய சத்தம் வெளி வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறை வெடித்தது. காசி மேஜை மேல் ஏறிவிட்டான். "உயிரோட கீறேன்! மாமு, உயிரோட கீறேன்!" பாஷை தெரியாத கப்பல்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்தார்கள். வார்டன் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்க வரும் என்று அன்றுதான் தெரியும்.

செபஸ்தி மட்டும் முறத்தை அவிழ்த்துப் பார்த்தான். உடைந்த ஓட்டின் நடுவில் கரண்டி கிடந்தது. பக்கத்தில் ஒரு விரல் இடைவெளியில் புளியங்கொட்டை. கீறல் இல்லை.

பிள்ளைகளே, சண்டையைச் சமன் செய்யத் தராசு தேடாதீர்கள். பலமானவனின் கையை வெட்டாதீர்கள். அவனுக்குத் தெரியாத ஒன்று பக்கத்து ஆளுக்குத் தெரிகிற மாதிரி ஒரு இடத்தைக் கட்டுங்கள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு பயப்படுங்கள். நீங்கள் பயந்தால்தான் அவர்கள் ஜெயித்தது நிஜம்.

எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். அன்றைக்கு நடந்ததில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் அடங்கியதும் செபஸ்தி தேக்கரண்டியை எடுத்து வேட்டியில் துடைத்தான். இரண்டு கையிலும் வைத்து அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, இத்த நீயே வச்சுக்க. உன் கையிலதான் இது நிக்கும்."

அக்கா வாங்கவில்லை. சிரித்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவும் இல்லை.

"எனக்கெதுக்குடா அத்தினி கனம்? நீயே தூக்கிகினு வா. எங்க எறக்கணும்னு நான் சொல்றேன்."

பிறகு என் பக்கம் திரும்பி நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ம். அடுத்த பூதம் எங்க கீது?"